வண்ண வானொலிப் பெட்டிகள் சொல்லும் வியாபாரப் பாடம்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. கடையில் உள்ள சரக்குக்கும் இது பொருந்தும். உள்ளே இருப்பது ஒரே சோப்பு, ஒரே தேயிலைதான். ஆனாலும் உறையின் நிறம் மாறினால் ஒன்று ஓடுகிறது, மற்றொன்று அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. பிளாஸ்டிக் வாளியில் சிவப்பு நான்கு நாளில் தீர்ந்துபோகும். அதே அளவு, அதே விலையில் வந்த பழுப்பு வாளி தீபாவளி வரை தொங்கிக்கொண்டிருக்கும். இதை நாம் தினந்தோறும் பார்க்கிறோம்.

அண்மைக் காலமாகப் பழைய வானொலிப் பெட்டியின் தோற்றத்தில் புளூடூத் ஸ்பீக்கர்கள் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பளபளப்பாக வருகின்றன. மின்சாதனக் கடைகளில் மட்டுமல்லாமல் பேன்சி ஸ்டோர், பெரிய மளிகைக் கடை வரை விற்பனைப் பிரதிநிதிகள் இவற்றைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். 'இப்போது இதுதான் ஓடுகிறது' என்கிறார்கள். நம் பணத்தை அதில் போடுவதற்கு முன், இந்த வண்ணப் பெட்டிகளின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. நிறம் எப்போது சரக்கை விற்றுத் தருகிறது, எப்போது முதலை முடக்குகிறது என்பதை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை. (இங்கே வண்ணம் என்பது திரையில் தெரியும் படத்தின் வண்ணம் அன்று, பெட்டியின் வெளிப்புற வண்ணம்.)

முதல் பெட்டிக்கு நிறம் தேவைப்படவில்லை

வானொலி வீட்டுக்குள் வந்த 1920-களில் அது மரப் பெட்டியில்தான் வந்தது. மரச் சாமான்களோடு மரச் சாமானாக நடுக்கூடத்தில் அமர்ந்தது. வாங்குபவர் 'நன்றாகக் கேட்குமா, எத்தனை நிலையம் எடுக்கும்' என்றுதான் கேட்டார். என்ன நிறம் என்று கேட்கவில்லை.

மரப் பெட்டி செய்யத் தச்சர் வேண்டும், மெருகு போட ஆள் வேண்டும், நாள் பிடிக்கும். இந்தச் செலவைக் குறைத்தது பேக்கலைட் என்னும் செயற்கைப் பொருள். லியோ பேக்லண்ட் என்ற வேதியியலாளர் 1907-ம் ஆண்டில் அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தார். அச்சில் இட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்தால் பெட்டி முழுதாக வெளியே வந்துவிடும். மரத்தில் எளிதில் வராத வடிவங்களும் வந்தன. இங்கிலாந்தின் எக்கோ நிறுவனம் 1934-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏடி-65 என்ற வட்ட வடிவ வானொலி இதற்குப் பெயர் பெற்றது. அதை வடிவமைத்தவர் வெல்ஸ் கோட்ஸ்.

பேக்கலைட்டில் ஒரு குறை இருந்தது. அதன் பிசினே கருமை கலந்தது. வலுவுக்காக மரத்தூளும் சேர்ப்பார்கள். ஆகவே பழுப்பு, கறுப்பு தவிர வெளிர் நிறங்கள் அதில் சரியாக வரவில்லை.

நிறம் தேவைப்பட்டது எப்போது?

1940-ம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஐந்தில் நான்கு வீடுகளில் வானொலி வந்துவிட்டது. இனி யாருக்கு விற்பது? ஏற்கெனவே வைத்திருப்பவருக்கே இன்னொன்று விற்க வேண்டும். நடுக்கூடத்தில் ஒன்று இருக்கிறது. சமையலறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று. அந்த இரண்டாவது பெட்டியை வாங்குபவர், 'எத்தனை நிலையம் எடுக்கும்' என்பதோடு நிற்பதில்லை. பார்க்க அழகாக இருக்கிறதா, அறைக்குப் பொருந்துமா என்றும் பார்க்கிறார்.

இந்த நேரத்தில் கைகொடுத்தது கேட்டலின் என்னும் பொருள். இதுவும் பேக்கலைட் குடும்பம்தான். ஆனால் மரத்தூள் போன்ற கலப்பு இல்லாமல் தெளிந்த பிசினாக ஊற்றுவது. ஈய அச்சுகளில் ஊற்றி, அடுப்பில் நாள்கணக்கில் பதப்படுத்தி, பிறகு கையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். தேன் நிறம், கருஞ்சிவப்பு, பச்சை, நீலம், பளிங்குக் கோடுகள் என்று எது வேண்டுமானாலும் வரும். ஃபாடா நிறுவனத்தின் தோட்டா வடிவ வானொலியும், எமர்சன் நிறுவனம் 1940-ல் தன் 25-ம் ஆண்டு நிறைவையொட்டி வெளியிட்ட 'பேட்ரியட்' வானொலியும் இந்த வகை. அமெரிக்கக் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் வைத்து அதை வடிவமைத்தவர் நார்மன் பெல் கெட்ஸ்.

இன்று சேகரிப்போர் இந்தக் கேட்டலின் பெட்டிகளை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் அன்று விற்ற கடைக்காரருக்கு ஒரு தொல்லை காத்திருந்தது. கேட்டலின் நாளடைவில் சுருங்கும், விரிசல் விடும். வெயில் பட்டால் நிறமும் மாறும். வெள்ளையாக வந்த பெட்டி மஞ்சளாகும்; நீலம் பச்சையாகும். நாம் கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி அடுக்கிய அட்டைப் பெட்டிகள் வெளுத்துப்போவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே கதைதான். நிறத்துக்காக வாங்கும் பொருளின் நிறம் மாறிவிட்டால் பாதி மதிப்பு போயிற்று.

நான்கு நிறத்தில் டிரான்சிஸ்டர்

உலகில் முதன்முதலாக வணிக அளவில் விற்ற டிரான்சிஸ்டர் வானொலி ரீஜென்சி டிஆர்-1. அமெரிக்காவில் 1954 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. விலை 49 டாலர் 95 சென்ட். உள்ளே இருந்தவை நான்கு டிரான்சிஸ்டர்கள். வெளியே வந்த நிறங்களும் நான்கு: கறுப்பு, எலும்பு வெள்ளை, சிவப்பு, சாம்பல். பிறகு முத்துப் பளபளப்புள்ள நிறங்களைச் சற்றுக் கூடுதல் விலையில் விட்டார்கள்.

ஒலித் தரத்தில் இது வீட்டு மேசை வானொலிக்கு இணையில்லை. இருந்தும் ஓராண்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் விற்றது. சட்டைப்பையில் வைக்கலாம் என்ற புதுமை முதல் காரணம். கையில் வைத்திருப்பது பிறர் கண்ணில் படும், அழகாக இருக்க வேண்டும் என்பது அடுத்த காரணம். அதுவரை வீட்டுச் சாமானாக இருந்த வானொலி, அன்றிலிருந்து கைக்கடிகாரம் போல ஆளோடு சேர்ந்த பொருளாகிவிட்டது. ஆளோடு சேர்ந்த பொருளுக்கு நிறம் முக்கியம்.

அழகு காப்பாற்றாத கதை

1958-ல் அமெரிக்காவின் ஃபில்கோ நிறுவனம் 'பிரெடிக்டா' என்ற தொலைக்காட்சியை வெளியிட்டது. படக்குழாயைப் பெட்டியிலிருந்து பிரித்து, மேலே தனியாக, இப்படியும் அப்படியும் திருப்பும்படி வைத்திருந்தார்கள். இன்று படத்தில் பார்த்தாலும் 'அட!' என்று சொல்ல வைக்கும் வடிவம்.

ஆனால் உள்ளே கோளாறு. படக்குழாய்கள் பழுதாயின, பழுது பார்ப்பது வேலை வாங்கியது. போட்டி நிறுவனங்கள் வண்ணப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இது கறுப்பு-வெள்ளைப் படம்தான் காட்டியது. 1960-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 1961-ல் அந்த நிறுவனமே ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் கைக்குப் போனது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், பிரெடிக்டா தந்த அடி சிறியதன்று.

வாடிக்கையாளரைக் கடைக்குள் அழைத்துவருவது அழகு. அவர் மறுபடி வருவதும், சண்டைக்கு வருவதும் உள்ளே இருக்கும் சரக்கைப் பொறுத்தது.

மிலான் நகரத்துப் பெட்டிகள்

வண்ணப் பெட்டிகளில் உலகமே மெச்சியவை இத்தாலியின் மிலான் நகரத்துப் பிரியோன்வேகா நிறுவனத்தின் பெட்டிகள். 1945-ல் தொடங்கிய இந்த நிறுவனம், 1960-களில் மார்க்கோ ஜானுசோ, ரிச்சர்ட் சாப்பர் என்ற இரு வடிவமைப்பாளர்களைக் கொண்டு வரிசையாகப் பெட்டிகளை வெளியிட்டது.

1964-ல் வந்த டிஎஸ்-502 வானொலி இரண்டு சதுரத் துண்டுகளைக் கீல் போட்டு இணைத்தது. மூடினால் முனை மழுங்கிய ஒரு சிறு பெட்டி. வானொலி என்றே தெரியாது. திறந்தால் ஒரு பாதியில் ஒலிபெருக்கி, மறு பாதியில் நிலையம் திருப்பும் பகுதி. ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளை என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள். அதே 1964-ல் வந்த 'அல்கோல்' என்ற சிறிய தொலைக்காட்சியின் திரை சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். தரையிலோ தாழ்ந்த மேசையிலோ வைத்தாலும் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராகப் படம் தெரியும். எசமானரைத் தலைதூக்கிப் பார்க்கும் நாய்க்குட்டி போல என்று அதைச் சொல்வார்கள். தூக்கிச் செல்லக் கைப்பிடியும் உண்டு. நிறமும் வடிவமும் வெறும் மினுக்காக இல்லாமல் உபயோகத்தோடு சேர்ந்திருந்ததுதான் இவற்றின் சிறப்பு. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த நிறுவனத்தின் பெட்டிகளைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

இதே நிறுவனத்துக்கு காஸ்டிலியோனி சகோதரர்கள் 1965-ல் வடிவமைத்த ஆர்ஆர்-126 என்ற வானொலி-கிராமபோன் ஒன்று, பாடகர் டேவிட் போவியிடம் இருந்தது. அவர் காலமான பின், 2016 நவம்பரில் லண்டனில் சதபீஸ் ஏலத்தில் அது 2,57,000 பவுண்டுக்குப் போனது. ஏலத்துக்கு முன் போட்ட மதிப்பு 800 முதல் 1,200 பவுண்டுதான். எனவே, 'பழசு என்றால் லட்சக்கணக்கில் போகும்' என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். அந்த விலை பெரும்பாலும் பெட்டிக்கு அன்று, வைத்திருந்தவர் பெயருக்கு.

இவ்வளவு புகழ் பெற்ற நிறுவனமும் தன் சொந்தக் காலிலேயே நிலைத்துவிடவில்லை. 1990-களில் வேறு கைக்கு மாறியது. அருங்காட்சியகத்தில் இடம் பிடிப்பது வேறு, வரவு செலவில் மிச்சம் பிடிப்பது வேறு.

தயாரிப்பாளருக்கு நிறம் மலிவு, நமக்கு?

இந்த இத்தாலியப் பெட்டிகள் ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. 1950-களில் பரவத் தொடங்கிய இந்தப் பிளாஸ்டிக்தான் வண்ணத்தின் கணக்கையே மாற்றியது. இதை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

இதில் அச்சு செய்வதுதான் பெருஞ்செலவு. அச்சு தயாரானபின், பிளாஸ்டிக் மணிகளை உருக்கி அழுத்திச் செலுத்தினால் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். நிறம் வேண்டுமா? மணிகளோடு நிறப்பொடியைச் சேர்த்தால் போதும். காலையில் சிவப்பு, மாலையில் மஞ்சள். அதே அச்சு, அதே இயந்திரம், அதே ஆள். மெருகு போடும் வேலையும் இல்லை. அதாவது தயாரிப்பாளருக்கு ஐந்தாவது நிறம் ஏறக்குறைய இலவசம்.

1970-ல் ஜப்பான் இதை முழுமூச்சாகப் பயன்படுத்தியது. ஒசாகா உலகக் கண்காட்சியையொட்டிப் பந்து வடிவ வானொலியைச் சங்கிலி கோத்துப் பல நிறங்களில் விட்டது பானாசோனிக். கையில் வளையல் போல மாட்டிக்கொள்ளும், முறுக்கினால் திறக்கும் இன்னொரு வானொலியையும் விட்டது. ஜேவிசி நிறுவனம், விண்வெளி வீரரின் தலைக்கவசம் போன்ற 'வீடியோஸ்பியர்' தொலைக்காட்சியை ஆரஞ்சு, வெள்ளை நிறங்களில் விட்டது. நிலவில் மனிதர் கால் வைத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும்.

தயாரிப்பாளருக்கு இலவசமான அந்த நிறம் கடைக்காரருக்கு இலவசமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஸ்பீக்கரின் கொள்முதல் விலை ரூ.1,500 என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிறத்தில் நான்கு வாங்கினால் முதல் ரூ.6,000. ஐந்து நிறம், நிறத்துக்கு நான்கு என்றால் 20 பெட்டி, முதல் ரூ.30,000. முதல் ஐந்து மடங்கு ஆனது. விற்பனை ஐந்து மடங்கு ஆகுமா? சிவப்பும் நீலமும் ஓடிப் பத்துப் பெட்டி விற்றது, பெட்டிக்கு ரூ.200 லாபம் என்றால் கையில் ரூ.2,000. மீதிப் பத்துப் பெட்டியில் ரூ.15,000 தூங்குகிறது. நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி என்றால் மாதம் ரூ.300. ஏழாவது மாதத்தில் அந்த லாபம் முழுவதும் வட்டியில் கரைந்துவிடும். நிறம் என்பது தயாரிப்பாளருக்கு ஒரு பிடி பொடி. நமக்கோ ஒவ்வொரு நிறமும் தனி ஐட்டம்.

இது சிறு கடைக்காரர்களாகிய நம் கவலை மட்டுமன்று. ஆப்பிள் நிறுவனம் 1999 ஜனவரியில் தன் ஐமேக் கணினியை ஐந்து பழ நிறங்களில் வெளியிட்டது. அதே ஆண்டில், அமெரிக்காவின் மாபெரும் மின்சாதனக் கடைத்தொடரான பெஸ்ட் பை, ஐந்து நிறங்களையும் இருப்பு வைக்கும் பிரச்சினையில் அந்தக் கணினியை விற்பதையே நிறுத்திக்கொண்டது. அத்தனை பெரிய கடையே யோசித்தது என்றால் நாம் எத்தனை யோசிக்க வேண்டும்!

நிறம் மங்கியது

பளீர் நிறங்களின் ஆட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1973-ல் பெட்ரோலிய நெருக்கடி வந்தது. பெட்ரோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக்கின் விலை ஏறியது. மக்களின் ரசனையும் திரும்பியது. வெள்ளி நிறமும் மர நிறமும் வந்தன. 1980-களில் கறுப்பு ஆட்சிக்கு வந்தது. ஆரஞ்சுப் பெட்டிகள் பரணுக்குப் போயின. நாற்பது ஆண்டுகள் கழித்துப் பரணிலிருந்து இறக்கியவர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் 1975-ல் கிடங்கில் மீந்திருந்த ஆரஞ்சுப் பெட்டியை நாற்பது ஆண்டு வைத்திருக்கும் வியாபாரி யார்?

நம் நாட்டுக் கதை

நம் ஊரில் வானொலி நெடுங்காலம் வீட்டுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டவில்லை. அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டி வானொலி கேட்ட காலம் அது. மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று மரப் பெட்டியும் பேக்கலைட்டும். பிறகு தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். வாங்குபவர் பார்த்தது இலங்கை வானொலி கரகரப்பில்லாமல் எடுக்கிறதா என்பதைத்தான். தொலைக்காட்சி வந்தபோதும் அப்படியே. சென்னையில் உருவான சாலிடேர், டயனோரா பெட்டிகள் மரக் கூட்டில் வந்தன. இழுத்து மூடும் கதவு வைத்தவையும் உண்டு. முதல் பெட்டி வாங்குபவருக்கு நிறம் இரண்டாம்பட்சம் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

நிறமும் பழைய தோற்றமும் இங்கே பெரிய அளவில் விலை போனது 2017-ல். சரிகம நிறுவனம் 'கேரவான்' என்ற பெட்டியை வெளியிட்டது. பழைய டிரான்சிஸ்டர் போன்ற உருவம், பல நிறங்கள், உள்ளே 5,000 பழைய பாடல்கள். தமிழ்ப் பாடல்களோடு தனிப் பெட்டியும் வந்தது. கைப்பேசியில் பாட்டுத் தேடத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள். பழைய தோற்றம் வாங்குபவரை நிறுத்தியது உண்மை. ஆனால் அதன் பலம், பொத்தானைத் திருப்பினால் பாட்டு வரும் என்ற எளிமையும், உள்ளே இருந்த பாடல்களும். அதே தோற்றத்தில் உள்ளே ஒன்றுமில்லாமல் வரும் மலிவுப் பெட்டிகளுக்கு இந்தப் பலம் கிடையாது.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

மேலே கண்டவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. வாடிக்கையாளர் வாங்குவது அவருடைய முதல் பொருளா, இரண்டாவதா என்று பாருங்கள். முதலாவதற்கு உழைப்பும் விலையும்; இரண்டாவதற்கும் பரிசுப் பொருளுக்கும்தான் நிறம்.

2. இரண்டு நிறத்தில் தொடங்குங்கள். மூன்றாவது நிறத்தை வாடிக்கையாளர் கேட்கட்டும். மற்ற நிறங்களுக்கு விளம்பர அட்டை போதும். கேட்டால் இரண்டு நாளில் தருவித்துக் கொடுக்கலாம்.

3. எல்லா நிறமும் கலந்த பெட்டியாகத்தான் வரும் என்றால், ஓடாத நிறத்தை மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். வாய்ப் பேச்சு போதாது. பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளும் இதைத் தருவதுதான் நியாயம். ஓடாத நிறத்தைச் சில்லறைக் கடையின் தலையில் கட்டிவிட்டால் அடுத்த ஆர்டர் வராது.

4. வெள்ளை, வெளிர் நிறப் பிளாஸ்டிக் வெயில் பட்டால் மஞ்சளாகும். கண்ணாடி அலமாரியில் ஒரு மாதிரிப் பெட்டியை மட்டும் வையுங்கள். அதையும் மாற்றி மாற்றி வையுங்கள். மற்றவை உறையோடு உள்ளே இருக்கட்டும்.

5. வாங்கும் முன் ஒரு பெட்டியை ஒரு வாரம் கடையில் ஓடவிட்டுப் பாருங்கள். பழுது பார்க்க ஆள், உத்தரவாதம், மாற்றுப் பேட்டரி உண்டா என்று விசாரியுங்கள். பிரெடிக்டா கதை நம் கடையில் நடக்கக் கூடாது.

6. மூன்று மாதம் அசையாத நிறத்தை அடக்க விலைக்காவது தள்ளிவிடுங்கள். 'ஒருநாள் விலை வரும்' என்று காத்திருப்பது சேகரிப்பவரின் வேலை, வியாபாரியின் வேலையன்று.

சோப்பு, வாளி, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் என்று நாம் விற்கும் எந்த வண்ணச் சரக்குக்கும் இதே கணக்குதான். நிறம் கூட்டத்தைக் கூட்டட்டும். கல்லாவைக் காப்பது அளவான கொள்முதல்.